அம்ப் பூட்ட வந்தவர்

என்னைப் பெண் பார்க்க வந்த மனிதருக்கு, தான் பெண் பார்க்க வந்திருப்பது தெரியாது. வான் வாகனத்துக்கு ஒரு அம்ப்ளிபயரும் சப்வூபரும் பூட்ட வேண்டும், சனிக்கிழமை பின்னேரம் வந்தால் நல்லது என்று மட்டும்தான் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். இந்தக் கெட்டித்தனம் முழுக்க என் அண்ணாவுடையது. ஆள் வந்து வேலையைச் செய்யட்டும், அம்மா ஆளைப் பார்க்கட்டும், நானும் தேத்தண்ணி கொண்டுபோகிற சாட்டில் ஒருதரம் பார்க்கலாம். பிடித்தால் பிறகு முறைப்படி கேட்கலாம். பிடிக்காவிட்டால் அம்ப் பூட்டினது மிச்சம்.

இப்படி ஒளித்துமறைத்துச் செய்ததற்குக் காரணம் நான்தான். அதற்கு மூன்று கிழமை முந்தி ஒருவர் தாய், தகப்பன், தாய்மாமன், பழத்தட்டு எல்லாவற்றோடும் முறைப்படி வந்தார். அவர் வந்து கதிரையில் இருந்ததும் கரண்ட் போய்விட்டது. திருகோணமலையில் அந்தச் சண்டை வருசங்களில் கரண்ட் போவது ஒரு சங்கதியே இல்லை, இருப்பதுதான் சங்கதி. ஆனால் மனிதர் சும்மா இருக்காமல், மழைத் தண்ணீர் கம்பிக்குள் இறங்கினால் நெருப்பை அணைப்பதுபோல் உள்ளே ஓடுகிற கரண்டை நூர்த்துவிடும் என்று என் அம்மாவுக்கு விளக்கம் சொல்லத் தொடங்கினார். நான் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவள். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்து பார்த்தேன். ஏலவில்லை. திருத்தினேன். அவர் முகம் கறுத்துப்போய், தான் சொன்னதையே இன்னும் சத்தமாகச் சொன்னார். நானும் இன்னும் சத்தமாகத் திருத்தினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: "பிள்ளை நல்ல பிள்ளை. ஆனால் கதை கூட." வாய் நீளமாம்.

அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் ஒரு படத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கனடா மாப்பிள்ளை. பனிக்குள் யாருடையதோ ஒரு காரில் சாய்ந்துகொண்டு நின்றார்.

"உனக்கு என்னதான் வேணும் பிள்ளை? சொல்லு, கேப்பம்," என்றார் அம்மா.

"பிழையைச் சொன்னால் கேக்கிற ஆள் வேணும். வேற ஒண்டும் வேண்டாம்."

"அப்பிடி ஒரு ஆம்பிளையை நான் எங்க போய்த் தேடுறது?" அம்மாவுக்கு உண்மையாகவே கவலை. "அண்ணா ஆரையோ சொல்லுறான். அதையும் பாப்பம். அதுவும் சரிவராட்டில், மாதம் முடியக் கனடாவுக்கு ஓம் எண்டு எழுதிப்போடுவன். பிறகு என்னை ஒண்டும் கேக்கக் கூடாது."

அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். அப்பா இல்லாத வீடு, ஊர் இருந்த இருப்பு, இருபத்தேழு வயதில் ஒரு மகள். ஆனால் படத்தில் இருக்கிற மனிதரிடம் எந்தப் பிழையைச் சொல்லி எப்படிப் பார்ப்பது? எனக்குப் பயமாக இருந்தது. பனி, குளிர் எல்லாம் சமாளிக்கலாம். வாழ்க்கை முழுக்கக் கம்பிக்குள் தண்ணீர் போகிற கதையைக் கேட்டுத் தலையாட்ட என்னால் ஏலாது.

இனி அம்ப்புக்கு வருகிறேன். அண்ணா வான் ஓடினார். நிலாவெளிக்குக் கல்யாண வீட்டுக்காரரை ஏற்றுவது, கோயில் நேர்த்திக்குக் கூட்டிப்போவது, இப்படிப் பிழைப்பு. வானில் ஏறுகிற பொடியன்கள் முதல் கேட்கிற கேள்வி, "அண்ணை, பேஸ் இருக்கோ?" என்பதுதான். நெஞ்சில் வந்து இடிக்கிற அந்த அடிச்சத்தம், பேஸ், இல்லை என்றால் முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த வானுக்குப் போய்விடுவார்கள். அதனால் அண்ணா கட்டாரில் இருந்த ஒரு கூட்டாளியைக் கெஞ்சிக் கூத்தாடி ஒரு அம்ப்ளிபயரும், பேஸுக்கென்றே சோற்றுச் சட்டி அகலத்தில் செய்த சப்வூபர் ஸ்பீக்கர் ஒன்றும் எடுப்பித்தார். கொழும்பிலிருந்து வந்த வழியில் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் பெட்டியைத் திறந்து திறந்து, கடைசியில் அது பெட்டியாகவே இல்லை. ஆனால் உள்ளே கிடந்த, எப்படிப் பூட்டுவது என்று சொல்கிற சின்னப் புத்தகம் தப்பியிருந்தது. அண்ணா அதைக் குப்பைக்குள் போடப் போனார். நான் பறித்து வைத்துக்கொண்டேன்.

அந்த அம்ப்புக்கு இரண்டு பக்கம். இடப் பக்கம் ஒரு ஸ்பீக்கர், வலப் பக்கம் ஒரு ஸ்பீக்கர் என்று ஓடுவதற்குச் செய்தது. சப்வூபர் ஒன்றுதான் என்றால், இரண்டு பக்கத்தின் பலத்தையும் பாலம் போட்டு அந்த ஒன்றுக்கே கொடுக்கலாம். பிரிட்ஜ் பண்ணுவது என்பது அதுதான். இடப் பக்கத்துப் பிளஸ்ஸிலிருந்து ஒரு வயர், வலப் பக்கத்து மைனஸிலிருந்து ஒரு வயர். இரண்டையும் நேரே சப்வூபருக்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டில் எதுவுமே வாகனத்தின் இரும்பில் முட்டக் கூடாது என்று புத்தகத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. நான் அதை வெள்ளிக்கிழமையே வாசித்துவிட்டேன். வாசித்ததும் நெஞ்சு திக்கென்றது. ஏனென்றால் எங்கள் ஊரில் வாகன வயரிங் செய்கிற எல்லாரும் செய்வது நேர்மாறு.

ஊரில் நல்ல வயர் கிடைப்பது அருமை. கிடைத்தாலும், நாலைந்து யார் நீளத்துக்கு வயரைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சாவடியைத் தாண்டிப் பாருங்கள். எதற்கு, ஆருக்கு, எந்தக் கடை என்று அரைநாள் போய்விடும். அதனால் எங்கள் மெக்கானிக்மார் ஒரு பழக்கம் பழகியிருந்தார்கள். லைட்டோ, ஹோர்னோ, ஸ்பீக்கரோ, எதுவாக இருந்தாலும் ஒரேயொரு வயர்தான் இழுப்பார்கள். மற்றதை வானின் இரும்பு உடம்பிலேயே, அவர்கள் பாஷையில் 'பொடி'யிலேயே, ஒரு ஆணியைப் போட்டு முறுக்கிவிடுவார்கள். "மைனஸைப் பொடியில குடு" என்பது அவர்களுக்கு வேதவாக்கு.

சனிக்கிழமை மத்தியானமே அம்மாவும் சின்னம்மாவும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். சின்னம்மா அம்மாவின் தங்கை, வீடு பக்கத்து ஒழுங்கையில். கல்யாணப் பேச்சு என்றால் அழைக்காமலே வருவார். எனக்குப் புதுச்சேலை கட்டிவிட்டார்கள். அம்மா என் கையைத் தன் தலையில் வைத்தார்.

"அந்தப் பெடியன் போகுமட்டும் வாயைத் திறக்க மாட்டன் எண்டு சத்தியம் பண்ணு."

"தேத்தண்ணி வேணுமோ எண்டும் கேக்கக் கூடாதோ?"

"அது கேக்கலாம். வேற ஒண்டும் கதைக்கக் கூடாது."

சத்தியம் பண்ணினேன்.

அவர் உப்புவெளியிலிருந்து சைக்கிளில் வந்தார். துறைமுகப் பக்கம் ஒரு வேலைத்தலத்தில் படகுகளுக்கு மின்வேலை செய்கிறவர். ஒல்லியான ஆள், பெரிய காது. கேற்றுக்குள் வந்ததும் ஆரையும் பார்க்காமல், "வான் எங்க நிக்குது?" என்று கேட்டார். வீட்டுக்குள் வாங்கோ என்று அம்மா எவ்வளவோ கூப்பிட்டும் வரவில்லை. கையெல்லாம் ஒயில், இருக்கட்டும் அம்மா என்று சொல்லிவிட்டு நேரே வானுக்குள் ஏறிப் படுத்துவிட்டார்.

சின்னம்மா யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தபடி, "காலைப் பார், நல்ல உயரம்," என்றார். வெளியே தெரிந்தது கால் மட்டும்தான்.

ஒரு வயரிங்காரருக்குச் சாதாரணமாகப் பிளேன்ரீயும் பனங்கட்டியும் போதும். அம்மாவோ அலுமாரியிலிருந்து பூப்போட்ட கோப்பைகளை எடுத்து, பற்றிஸ், கேக், முறுக்கு, கதலிப்பழம் எல்லாம் அடுக்கி, தட்டத்தை என் கையில் தந்து அனுப்பினார். அவர் வானின் படியில் இருந்து இரண்டு பற்றிஸைச் சாப்பிட்டார். மூன்றாவதை எடுக்கும்போது அண்ணாவைப் பார்த்து, "என்ன அண்ணை, இண்டைக்கு வீட்டில ஏதும் விசேசமோ?" என்று கேட்டார். "சேச்சே, சும்மா," என்றார் அண்ணா. மனிதர் சந்தோசமாக மூன்றாவதையும் சாப்பிட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சிரிப்பு அவருடைய வேலையைப் பார்த்ததும் நின்றுவிட்டது. வேலை சுத்தமென்றால் அப்படிச் சுத்தம். அம்ப்பை முன் சீற்றுக்குக் கீழே பூட்டி, பிளஸ்ஸிலிருந்து ஒரு வயரை வானின் தரைப் பாய்க்கு அடியால் கடைசி சீற்றுக்குப் பின்னால் இருந்த சப்வூபர் பெட்டிவரை அழகாக ஒட்டிக் கொண்டுபோயிருந்தார். ஒரே வயர். சப்வூபரின் மற்ற முனையைப் பின்பக்கத்து இரும்பில் ஒரு ஆணியோடு முறுக்கியிருந்தார். முன்னால் அம்ப்பின் வலப்பக்க மைனஸிலிருந்தும் ஒரு சாண் வயரை எடுத்து வானின் இரும்பில் இறுக்கிக்கொண்டிருந்தார். மைனஸ், பொடி, வேதவாக்கு.

நான் வாயைத் திறந்தேன். அம்மா வாசலில் நின்று தன் தலையைத் தொட்டுக் காட்டினார். வாயை மூடினேன். தேத்தண்ணி வேணுமோ என்று கேட்டேன். வேண்டாம், இப்பதானே குடித்தனான் என்றார்.

முடிந்ததும் எல்லாரும் வானைச் சுற்றி நின்றோம். அண்ணா ஒரு பாட்டுக் கசற்றைச் செருகினார். கதவுகளில் இருந்த சின்ன ஸ்பீக்கர்கள் நேரே வானின் பாட்டுச் செற்றிலிருந்து ஓடுபவை, அவை பாடத் தொடங்கின. இனி மேளம் வரும், மேளத்தோடு பேஸ் வரும் என்று எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மேளம் வந்தது.

டும்.

காலுக்குக் கீழே நிலம் ஒருதரம் ஆடியது. குசினியில் பாத்திரங்கள் கிணுகிணுத்தன.

"அம்மாடியோ!" அண்ணா துள்ளிக் குதித்தார். "கேட்டியளே? வயித்துக்குள்ள போய் இடிக்குது!" சின்னம்மா கை தட்டினார். அம்மா மாப்பிள்ளை கிடைத்துவிட்ட முகத்தோடு என்னைப் பார்த்தார். வந்தவரும் காது சிவக்கச் சிரித்தார்.

எங்கள் வீடு ஓர்ஸ் ஹில்லில், உள்துறைமுகத்துக்குக் கிட்ட. அந்த நாட்களில் தண்ணீருக்கு அடியால் ஆரும் நீந்தி வந்துவிடக் கூடாது என்று கடற்படைக்காரர் நேரம் காலம் இல்லாமல் கடலுக்குள் வெடி போடுவார்கள். மேலே பெரிய சத்தம் இராது. நிலத்துக்குள்ளால் ஒரு 'டும்' வந்து கதிரைக் காலைத் தட்டிவிட்டுப் போகும். நாங்கள் கதையை நிறுத்தவும் மாட்டோம். வகுப்பில் நான் கரும்பலகையில் இழுக்கிற கோடு ஒருதரம் நெளியும், அவ்வளவுதான். சாதாரண நாளில் அந்தச் சத்தம் எங்கள் வீட்டில் ஒருவர் காதிலும் விழாது. அன்றைக்கு எல்லாரும் ஒரு 'டும்'முக்காகவே காத்துக்கொண்டு நின்றார்கள்.

நான் மட்டும் அம்ப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் பச்சை வெளிச்சம் எரிய வேண்டும். சிவப்பு எரிந்தது. என்னை வேலை செய்ய விடாமல் கட்டிவைத்திருக்கிறார்கள் என்று அது சொல்கிற பாஷை. இப்படியே விட்டால் அண்ணா ஆட்களைக் கூப்பிட்டு வந்து, திருப்பித் திருப்பிப் போட்டுக் காட்டி, ஒரு கிழமைக்குள் அம்ப்பை எரித்துவிடுவார். அது ஒன்று. மற்றது, இந்த மனிதர் எப்படிப்பட்டவர் என்பது எனக்கு இன்றைக்கே தெரிந்தாக வேண்டும். தெரியாமல் ஓம் சொல்ல முடியாது. ஓம் சொல்லாமல் விட்டால் கனடா. அம்மாவின் தலையை ஒருதரம் பார்த்தேன். நல்ல ஆரோக்கியமாகத்தான் இருந்தது.

"அது அம்ப் இல்லை," என்றேன். "கடல்."

"சும்மா இரடி!" அம்மா.

"உனக்கென்ன விசரே?" அண்ணா. "இப்ப எல்லாரும் கேட்டதுதானே!"

"கேட்டது கடல் வெடி. சப்வூபர் ஒரு சொட்டும் அசையேல்லை. அம்ப்பில சிவப்பு எரியுது." அவரைப் பார்த்தே சொன்னேன். "நீங்கள் மைனஸைப் பொடியில குடுத்தது பிழை. பிரிட்ஜ் பண்ணேக்க அது சும்மா மைனஸ் இல்லை. மரம் அரியிற பெரிய வாளை ரெண்டு பேர் ரெண்டு பக்கமும் பிடிக்கிறேல்லையே? ஒராள் இழுக்கேக்க மற்றவர் தள்ள வேணும். நீங்கள் ஒராளின்ரை கையைப் பிடிச்சு நிலத்தோட கட்டிப்போட்டியள்."

கசற் பாடிக்கொண்டே இருந்தது. சின்னம்மா, "ஐயோ, இதுவும் போச்சு," என்று மெல்லச் சொன்னார். அம்ப் பூட்டினவர் என்னைப் பார்க்கவில்லை. முகத்தில் சிரிப்பு இல்லை. முந்தி வந்த அந்த மனிதரின் கறுத்த முகம் எனக்கு ஞாபகம் வந்தது.

அவர் வானின் பின்பக்கம் போனார். சப்வூபரின் வாயில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். மேளம் அடித்தது, கை அசையவில்லை. திரும்பவும் மேளம், அப்போதும் இல்லை. முன்னால் வந்து குனிந்து சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்தார். பிறகு எழும்பி, தலையைச் சொறிந்துகொண்டு, எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

"தங்கச்சி சொல்லுறது சரி. நான்தான் பிழை விட்டிட்டன்."

எனக்குச் சந்தோசம் தலைக்கேறிவிட்டது. கடவுளே, பிழையைச் சொன்னால் கேட்கிற ஆள்! அப்படி ஒரு பிறவி உப்புவெளியில் சைக்கிள் ஓடிக்கொண்டு திரிந்திருக்கிறது! சந்தோசத்தில் முதல் சொல் எனக்குக் காதில் விழவே இல்லை. அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் விழுந்துவிட்டது. சின்னம்மா நெஞ்சில் கை வைத்தார். பெண் பார்க்க வந்தவர் பெண்ணைத் தங்கச்சி என்று கூப்பிட்டால் பிறகு என்ன கல்யாணம்? பாவம், அவருக்கு எப்படித் தெரியும்? தெரியாத வீட்டில் ஒரு இளம் பெண்ணை மரியாதையாக வேறு எப்படிக் கூப்பிடுவது?

"இன்னொரு வயர் வேணும், தங்கச்சி," என்றார் அவர். "நான் கொண்டுவந்தது முடிஞ்சுது. கடையும் பூட்டியிருப்பான்."

இரண்டாவது தரம் எனக்கும் கேட்டது. ஆனால் அப்போது வயர்தான் முக்கியம். எங்கள் வீட்டுப் பின்வளவில் உடுப்புக் காயப்போடுகிற கொடி, கயிறு இல்லை. றப்பர் உறை போட்ட நல்ல செப்பு வயர். ஓடிப்போய் அவிழ்த்தேன். அண்ணாவின் சாரங்களும் அம்மாவின் பாவாடைகளும் ஈரத்தோடு மண்ணில் விழுந்தன. "ஐயோ, நான் தோய்ச்சதெல்லாம்!" என்று அம்மா பின்னால் கத்தினார்.

நான் முன் சீற்றுக்குக் கீழே தலையை விட்டு, இரும்பில் இறுக்கியிருந்த அந்த ஒரு சாண் வயரைக் கழற்றினேன். அவர் பின்னாலிருந்த ஆணியைக் கழற்றினார். கொடி வயரைப் பாய்க்கு அடியால் நான் தள்ள, அவர் அங்கிருந்து இழுத்தார்.

"தங்கச்சி, கொஞ்சம் விடுங்கோ."

"விட்டிட்டன். இழுங்கோ."

"உங்கட பக்கம் எதிலயும் முட்டேல்லைத்தானே?"

"முட்டேல்லை. உங்கட பக்கம்?"

"நீங்கள் வந்து ஒருக்கால் பாத்திட்டுச் சொல்லுங்கோ."

போய்ப் பார்த்தேன். முட்டவில்லை. புதுச்சேலை முழுக்க ஒயில். அண்ணா பயந்து பயந்து செற்றைப் போட்டார். பச்சை வெளிச்சம் எரிந்தது. மேளம் வந்தது. அம்மம்மா, அது பேஸ்! வானின் நம்பர் தகடு பற்களைக் கடித்தது, படியில் வைத்திருந்த கோப்பை தானாக நடந்துபோய்க் கீழே விழுந்தது. அண்ணா ஈரச் சாரம் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஆடினார். அவருக்கு ஒரே ஒரு மனக்குறை. ஒழுங்கையில் ஒரு சனமும் எட்டிப் பார்க்கவில்லை. அந்தச் சத்தத்துக்கு எங்கள் ஒழுங்கையில் ஆர் வெளியே வருவார்கள்? கடைசியில் அண்ணாவே வீடு வீடாகப் போய்ப் படலையைத் தட்டி, "அது கடல் இல்லை, என்ரை வான்," என்று சொல்லிக் கூட்டிவர வேண்டியிருந்தது.

இருட்ட முந்திச் சாவடியைத் தாண்ட வேண்டும் என்று அவர் கை கழுவிப் புறப்பட்டார். வீட்டு வாசற்படியில் அம்மாவும் சின்னம்மாவும் செத்த வீட்டில் போல இருந்தார்கள்.

"மூண்டு தரம் சொல்லிப்போட்டான் அக்கா," என்றார் சின்னம்மா. "இனி எந்த முகத்தோட போய்க் கேக்கிறது? நாளைக்கே கனடாவுக்கு எழுதுங்கோ."

"ஓம்," என்றார் அம்மா. "அதுதான் விதி எண்டால் என்ன செய்யிறது."

இவ்வளவு நல்ல ஆளைக் கண்ணால் கண்டு, கையால் வயர் கொடுத்து வாங்கி, ஒரு மரியாதைச் சொல்லுக்காகப் பனிக்குள் போவதா? அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு கேற்றடிக்குப் போனார். நின்றார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"அந்தக் கொடி வயர் இப்போதைக்குத்தான். திங்கக்கிழமை நல்ல வயர் கொண்டுவந்து மாத்திவிடுறன்," என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "வேற ஏதும் பிழை கிடக்கோ, தங்கச்சி?" என்று கேட்டார்.

"ஓம். ஒரு பிழை கிடக்கு."

"என்ன?"

"நான் உங்களுக்குத் தங்கச்சி இல்லை."

சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு முன்னால், சின்னம்மாவுக்கு முன்னால், பேஸ் கேட்க வந்து நின்ற அரை ஒழுங்கைக்கு முன்னால். அவர் முதலில் வானைத்தான் பார்த்தார். பிறகு என் ஒயில் சேலையைப் பார்த்தார். வாசற்படியில் எழும்பி நின்றுவிட்ட அம்மாவையும், வானத்தைப் பார்ப்பதுபோல் பாசாங்கு பண்ணிய அண்ணாவையும் பார்த்தார். மூன்று பற்றிஸ் எதற்கு வந்தது என்பது அப்போதுதான் மனிதருக்கு விளங்கியிருக்க வேண்டும். காது இரண்டும் செக்கச்செவேலென்று போயின.

"ஓம்," என்றார். "பிழைதான்."

சைக்கிளைத் திருப்பி மதிலில் சாத்தினார். செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வந்தார்.